கையுறைக்குள் ஈரம்

1
இக்கதை ஒரு குழாயடியில் தொடங்கியது. சென்ற மழைக்காலத்தில், தேயிலை மலையூரான பீர்மேட்டில், நான் பெயர் சொல்ல விரும்பாத மருத்துவமனையொன்றில், காய்ச்சலோடு கிடந்தேன். வாசலுக்கு எதிரே கைகழுவும் தொட்டி. அங்கே ஒரு செவிலி கையுறையைக் கழற்றினாள். அது எளிதில் கழலவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவே. மற்றவை கற்பனை.

2
முதல் தொடக்கம்: ‘பூப்போன்ற கரங்களால் உயிர்களைத் தாங்கும்...’

(நீக்கப்பட்டது. வெடித்துக் குருதி கசியும் கைக்குப் பூவை உவமை சொல்வது ஒழுங்கீனம்.)

இரண்டாம் தொடக்கம்: எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்த முருகேஸ்வரி, பச்சிளங்குழந்தைகள் பிரிவில் தற்காலிகச் செவிலி. அவளது பணியை நீட்டிப்பதா என்பதை மாத இறுதியில் தலைமைச் செவிலி நர்மதா முடிவு செய்வார். கிருமி போக்கும் ஸ்பிரிட் தேய்த்தால் கைவெடிப்புகள் எரிகின்றன. எரிவதுதான் கேடு என்று நம்பி அதைத் தவிர்த்து, ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவுகிறாள். சோப்போ தோலை மேலும் உரிக்கிறது. ஈரம் துடைக்காமலே கையுறை மாட்டுகிறாள். புண்ணை மறைக்கும் கையுறையே புண்ணை வளர்க்கிறது.

(இது இருக்கட்டும்.)

3
இந்தப் புண் உடன் பணிபுரியும் ஜிபிக்கு மட்டும் தெரியும்.

“எடி, இந்தக் களிம்பப் போடு. ஸ்கின் டாக்டரப் போய்க் காணு.”

“கண்டா, தண்ணில கை வைக்காதன்னு எழுதிருவாரு. பொறவு எனக்கு இங்க என்ன சோலி? எங்கம்மாகூடக் கொழுந்து கிள்ளப் போகவா?”

“கொழுந்து கிள்ளவும் கை வேணுமேடி!”

இருவரும் சிரித்தார்கள். முருகேஸ்வரி முதலில் நிறுத்தினாள்.

(அடிக்குறிப்பு: களிம்பு பயன் தரும், கைக்கு ஓய்வும் கிடைத்தால். களிம்பை நான் எழுதித் தர இயலும். ஓய்வு நர்மதா தரவேண்டியது.)

4
நர்மதாவைக் கொடியவராக எழுதிப் பார்த்தேன், நிற்கவில்லை. அவர் புறங்கையிலும் பழைய தழும்புகள்...

(இவ்வாக்கியத்தைக் கைவிடுகிறேன். அது மன்னிப்பை முன்கூட்டியே வழங்கிவிடுகிறது.)

காலையில் ஒரு தாய் அலறினாள்: “சிஸ்டர், பிள்ள துணியில ரெத்தம்! எங்கயும் கீறிருச்சா?”

நர்மதா விரைந்து வந்து குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காயம் எங்கும் இல்லை. பிறகு நிமிர்ந்தார். முருகேஸ்வரியின் கையுறை விரலிடுக்கில் கிழிந்திருந்தது.

“அந்தக் கிளவுஸக் கழட்டு, கண்ணு.”

(நர்மதா மீனாட்சிபுரத்துக்காரர். அப்பக்கத்தில் எல்லோரையும் ‘கண்ணு’ என்பார்கள். அச்சொல்லை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.)

5
முடிவு ஒன்று: விடுப்பு கிடைக்கிறது, தோல் ஆறுகிறது, அதே பிரிவுக்குத் திரும்புகிறாள். எழுதி வாசித்தேன். என்னாலேயே நம்ப முடியவில்லை.

முடிவு இரண்டு: “நாளையிலிருந்து வரவேண்டாம்.” இதை எளிதில் நம்ப முடிந்தது. அதனாலேயே இதை வைக்க மறுக்கிறேன்.

ஆகவே இங்கேயே நிறுத்துகிறேன். கையுறை பாதி கழன்று விரல்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜிபி தரையைப் பார்க்கிறாள். தாய் குழந்தையை மார்போடு அணைத்திருக்கிறாள். அடுத்த வாக்கியம் நர்மதாவுடையது. வாசகரே, அதை நீங்கள் சொல்லுங்கள். மனத்துக்குள் அல்ல, முருகேஸ்வரியின் காதில் விழும்படி.