ஊர் தாண்டக் கூடாத வாரம்

கங்கம்மா ஜாத்திரைக்குத் தண்டோரா போட்டுச் சாட்டிவிட்டால் திருப்பதிக்காரர்கள் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார்கள். ஜாத்திரை முடியும்வரை கல்யாணமோ பிரசவமோ எதுவானாலும் வெளியூர்க்காரர்கள்தான் இங்கே வர வேண்டும். சம்பத்துக்கு அந்தக் கட்டுப்பாடு பிடித்திருந்தது. ஊருக்கு ஏன் போகவில்லை என்று தன்னையே கேட்டுக்கொள்ளத் தேவையில்லாத ஒரே வாரம் அதுதான்.

அவன் ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். எல்லை பிரித்ததில் அந்த வருஷம் ஏப்ரல் மாதத்தோடு அந்தப் பக்கமெல்லாம் மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போய்விட்டது. திருப்பதியில் அவன் வேலை செய்த கடையில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது சம்பத் ஒரு அண்டாவைக் கவிழ்த்து வைத்து அதன் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் சித்தூர்க்காரன் என்றுதான் எல்லோருக்கும் தெரியும்.

நாகபூஷணத்தின் பித்தளைப் பாத்திரக் கடைக்கு அவன் வேலை கேட்டு வந்தது எல்லைச் சண்டை சூடாக இருந்த நேரம். ஸ்டேஷன் பலகையில் தமிழ் எழுத்தின்மேல் ஒருவன் தார் பூசினால், மறுநாள் தெலுங்கு எழுத்தின்மேல் இன்னொருவன் பூசினான். நாகபூஷணம் தெலுங்கில்தான் கேட்டார். எந்த ஊர்? சித்தூர் என்றான். ஒருநாள் உன் நைனாவை அழைத்து வா, பேச வேண்டும் என்றார். சம்பத்தின் மனசில் அவன் அப்பா செங்கல்வராயன் வந்து நின்றார். தலையில் துண்டு, காதோரம் பீடி, வாயைத் திறந்தால் ரெண்டாவது வார்த்தையிலேயே தமிழுக்குத் தாவிவிடுகிற தெலுங்கு.

"நைனா போயிட்டாரு" என்றான்.

அவ்வளவு சுலபமாக இருந்தது அது. நாகபூஷணத்துக்கு மனசு இளகிவிட்டது. கடை மாடியிலேயே தங்கச் சொன்னார். மாளய அமாவாசை வந்தால் தன்னோடு கபிலதீர்த்தத்துக்கு அழைத்துப் போய், தன் அப்பாவுக்குச் செய்வதோடு அவனையும் எள்ளும் தண்ணீரும் விட வைப்பார். வருஷா வருஷம் சம்பத் ஈர வேட்டியோடு நின்று, உயிரோடு இருக்கிற செங்கல்வராயன் பெயரைச் சொல்லித் தண்ணீர் விட்டான். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் நைனா சாப்பிடுவதை அவனால் நேராகப் பார்க்க முடியாது. "கடைப்பக்கம் வராத நைனா, மொதலாளி ஒரு மாதிரி" என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு வருவான்.

ஜாத்திரையில் ஒவ்வொரு நாளைக்கும் ஒரு வேஷம். அன்றைக்கு உடம்பெல்லாம் கரி பூசி, இடுப்பில் வேப்பிலை கட்டிக்கொள்கிற நாள். வேஷம் கட்டியவர்கள் எதிரே வருகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டலாம். திட்டு வாங்கியவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுப் போவார்கள். அது திட்டுகிறவன் பேச்சு இல்லை, ஆத்தா பேச்சு, அதனால் நல்லது நடக்கும் என்று நம்பிக்கை. சம்பத்தும், கடையில் கூட வேலை செய்யும் கிருஷ்ணப்பாவும், இன்னும் நான்கைந்து பேரும் கரி பூசிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். திட்டுவதில் சம்பத்தை அடிக்க ஆளில்லை என்று பெயர்.

சாத்தியிருந்த கடைகளின் பலகைகளை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தபடி ஒரு ஆள் வந்தார். தலையில் துண்டு.

சம்பத்துக்கு முதலில் துண்டுதான் தெரிந்தது. பிறகு நடை. நகர்ந்துவிடலாம் என்று திரும்புவதற்குள் கிருஷ்ணப்பா அவரை வளைத்துவிட்டான்.

"ஏமி தாத்தா, எங்க இருந்து வர்ற? யாரத் தேடற?" என்றான் தெலுங்கில்.

செங்கல்வராயன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். தனக்குத் தெரிந்த தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் வந்து விழுந்தார். "பள்ளிப்பட்டுப் பக்கம் சாமி. பொண்டாட்டிக்குக் காலு ஒடிஞ்சி போச்சி. புத்தூர்ல கட்டுக் கட்டி அங்கயே படுக்க வெச்சிட்டு வந்துருக்கேன். பையன பாக்கணும்னு ஒரே அழுவ. அவன் இங்கதான் பாத்திரக் கடைல..."

"அரவ தாத்தாடா, தமிழ்க்காரரு" என்று சிரித்தான் ஒருவன். "எல்லைய அந்தப் பக்கம் தள்ளி வெச்சாலும் தாண்டி வந்துட்டாரு பாரு."

"பாத்திரக் கடையா? எந்தக் கடை? பையன் பேரு இன்னா?" என்றான் கிருஷ்ணப்பா.

செங்கல்வராயன் வாயைத் திறந்தார். அந்தப் பெயர் வெளியே வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. சம்பத் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் பாய்ந்தான்.

தெலுங்கில் திட்டினான். "செத்தவனே, செத்துப் பொணமானவனே, உனக்கு எள்ளும் தண்ணியும் வுட்டாச்சி, இன்னும் இன்னாத்துக்கு இங்க நடமாடற?" என்று ஆரம்பித்து, அதற்குமேல் வந்ததெல்லாம் இதைவிட மோசம். மூச்சு வாங்காமல் திட்டினான். நிறுத்தினால் அவர் பேசிவிடுவார். கூட இருந்தவர்கள் விசில் அடித்தார்கள்.

செங்கல்வராயன் கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டபடி தலையைக் குனிந்தார். வழக்கப்படி சம்பத் வேப்பிலைக் கொத்தால் அந்தத் தலையில் தட்டினான். அப்போது அவர் நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தார். கரி பூசிய முகத்தை அல்ல, வேப்பிலை பிடித்திருந்த கையை. பிறகு துண்டை எடுத்துத் தலையில் கட்டினார்.

"ஆத்தா சொன்னா சரி" என்றார். பையனைப் பற்றி மேலே ஒன்றும் கேட்கவில்லை. வந்த வழியே போய்விட்டார்.

"பேரே சொல்லாம போறாரே" என்றான் கிருஷ்ணப்பா.

"யாரு கண்டா" என்றான் சம்பத்.

குளத்தில் கரியைக் கழுவும்போது அம்மாவின் கால் ஞாபகம் வந்தது. எந்தக் கால், எப்படி ஒடிந்தது, எதுவும் கேட்காமல் விட்டிருந்தான். இப்போது ஓடினால் பஸ் ஸ்டாண்டில் பிடித்துவிடலாம். சாட்டியாகிவிட்டது, ஊர் தாண்டக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது. நகக்கண்ணில் கரி போகவில்லை. நாராலும் சாம்பலாலும் தேய்த்தான், அப்படியும் போகவில்லை.

ஜாத்திரை முடிகிற அன்று நெரிசலில் விழுந்து கிருஷ்ணப்பாவின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. நாகபூஷணம் பார்த்துவிட்டு, "புத்தூருக்குப் போய்க் கட்டிக்கினு வாடா. சம்பத்து, நீ கூடப் போ" என்றார்.

ரயிலில் கிருஷ்ணப்பா வலியை மறக்கப் பேசிக்கொண்டே வந்தான். சம்பத் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, அவர்கள் ஊருக்குப் போயிருக்க வேண்டும், இந்நேரம் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். அம்மாவைப் பார்க்காமல் இருப்பதற்கு வேண்டிக்கொள்கிறோம் என்பது ரேணிகுண்டா தாண்டிய பிறகுதான் உறைத்தது. அதற்குப் பிறகு அவனால் வேண்டவும் முடியவில்லை.

வைத்தியர் வீட்டுக் கொட்டகையில் மூங்கில் தப்பை வைத்துக் கட்டுப் போட்டவர்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். முட்டையும் பச்சிலையும் கலந்த வாடை. வாசலருகே உட்கார்ந்து செங்கல்வராயன் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். சம்பத்தைப் பார்த்தார். கூட வந்த கிருஷ்ணப்பாவைப் பார்த்தார். பீடியைத் தரையில் நசுக்கிவிட்டு எழுந்து, முன்பின் தெரியாத ஆளைத் தாண்டிப் போவதுபோல் அவனைத் தாண்டி வெளியே போனார்.

நைனா தனக்கு வழி விடுகிறார் என்று சம்பத்துக்குப் புரிந்தது. அந்த வழியில் போய்விடலாம் என்றும் ஒரு நொடி தோன்றியது.

"சம்பத்து" என்று உள்ளே இருந்து அம்மாவின் குரல் கேட்டது.

பொன்னியம்மாள் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கியிருந்தாள். தொடையிலிருந்து பாதம்வரை கட்டு. கிருஷ்ணப்பா திரும்பினான். "உன்னையா கூப்புடுது அந்தம்மா?"

செங்கல்வராயன் வாசலிலிருந்து வேகமாகத் திரும்பி வந்தார். உடைந்த தெலுங்கில் சொன்னார். "இல்ல பாபு. எங்க பையன் பேரும் அதுதான். வலி தாங்காம வர்றவங்க போறவங்கள எல்லாம் அப்படித்தான் கூப்புடறா. நீங்க போயி கையக் காட்டுங்க."

பொன்னியம்மாளுக்குத் தெலுங்கு நன்றாகப் புரியும். அவள் புருஷனைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள்.

சம்பத் கிருஷ்ணப்பா பக்கம் திரும்பினான். "எங்க அம்மா" என்றான்.

கிருஷ்ணப்பா வீங்கிய கையைப் பிடித்தபடி நின்றான். "அப்ப இவரு?"

"நைனா."

"செத்துட்டாருன்னியேடா." கிருஷ்ணப்பாவின் குரல் உயரவில்லை. அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "வருசா வருசம் மொதலாளி கூடப் போய் எள்ளுத் தண்ணி வுட்டியே." செங்கல்வராயன் முகத்தை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தான். "டேய். அன்னிக்கி தெருவுல வந்த தாத்தா இவருதானே. நைனான்னு தெரிஞ்சேவா அந்தத் திட்டு திட்டின?"

சம்பத் தலையைக் குனிந்துகொண்டான். கிருஷ்ணப்பா வீங்கிய கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். பிறகு, "நான் கட்டிக்கினு வரேன்" என்று உள்கட்டுக்குப் போய்விட்டான். போகும்போது சம்பத்தின் தோளில் கை வைக்கவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. கடையில் போய்ச் சொல்லுவானா என்று நினைக்கக்கூடச் சம்பத்துக்கு அந்த நேரம் தோன்றவில்லை.

பக்கத்துப் படுக்கைக்காரர்கள் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

"வாயா, வந்து குந்து" என்றாள் பொன்னியம்மாள். அவன் அவள் கால்மாட்டில் உட்கார்ந்தான். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இன்னாயா, பையன பாத்தேன், பேசினான்னு சொன்ன. இதானா பேசினது?"

"பாத்தேன், பேசினான். பொய் ஒண்ணும் சொல்லலியே."

"உங்க நைனா வந்து சொன்னாருடா" என்றாள் அவனிடம். "வேசம் கட்டிக்கினு இருக்கான், மூஞ்சி தெரில, பீச்சாங்கையால வேப்பிலைய தூக்கினான், அப்பவே நம்ம புள்ளன்னு தெரிஞ்சிடுச்சின்னாரு. ஜாத்திர முடியறவரிக்கும் ஊரு தாண்டக் கூடாதாம், முடிஞ்சதும் மொத வண்டிலயே வந்துடுவான், அழுவாதன்னாரு. நானும் அழுவல."

சம்பத் தன் இடது கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டான். குளத்தங்கரையில் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட அதே சாக்கு. அவனே நம்பாத அதை நைனா அவனுக்காக இங்கே வந்து சொல்லி, அம்மாவை நம்ப வைத்திருக்கிறார்.

"இன்னா சொல்லித் திட்டின?" என்றாள்.

அவன் அவள் காலின் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வுடு பொன்னி" என்றார் செங்கல்வராயன். "அது ஆத்தா பேச்சு. ஊரே வாங்கிக்கினு போவுது. நல்லதுக்குத்தான்."

"நல்லதுக்குத்தானே. அப்ப எனக்கும் சொல்லட்டும்." அவள் குரலில் கோபம் இல்லை. "உனக்கு மட்டும் நல்லது நடந்தா போதுமா? எனக்கும் காலு கூடணும். சொல்லுடா."

"அம்மா."

"கரி இல்லன்னா இன்னா? வாயி அதே வாயிதானே. நைனாவ இன்னா சொன்னியோ, அத எனக்கும் சொல்லு."

அவள் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினாள். நெஞ்சின்மேல் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். அன்றைக்குத் தெருவில் நைனா கும்பிட்டதுபோலவே இருந்தது. செங்கல்வராயன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இல்லாத பீடியைக் காதோரம் தேடினார்.

சம்பத் வாயைத் திறந்தான். ஒரு வார்த்தையும் வரவில்லை. அம்மா கையைப் பிரிக்காமல், கண்ணைத் திறக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.