வால்வு இல்லாமல் பாடிய ஆம்ப்

கிடார் வாசிப்பவர்கள் மேல் ஜெரூஷாவுக்கு மரியாதை போய் வெகுநாளாகிவிட்டது. காட்டாங்குளத்தூரில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், வேலையை விட்டுவிட்டு சிட்லபாக்கம் வீட்டின் முன்னறையில், பழைய ரேடியோக்களில் எரியும் கண்ணாடிக் குழல் போன்ற வால்வுகள் வைத்த கிடார் ஆம்ப்ளிஃபையர்களைப் பழுதுபார்க்க உட்கார்ந்தபோது, இனி இசை தெரிந்தவர்களோடு பழகலாம் என்று நம்பியிருந்தாள். வந்தவர்களோ பழைய வெள்ளைக்காரன் ஆம்ப்களைப் பார்த்துச் செய்த நகல்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கெபாசிட்டரை மாற்றினால் விரல் தானாக ஓடும் என்று நினைப்பவர்கள். ஒருவர் உள்ளே இருந்த ஒயரையெல்லாம் பிடுங்கிவிட்டுத் துணி சுற்றிய ஒயர் போடச் சொன்னார். அறுபதுகளின் சத்தம் அந்தத் துணியில்தான் இருக்கிறதாம். போட்டுக் கொடுத்தாள். சிரிப்பை மட்டும் மறைக்கவில்லை.

எலியேசர் இந்தக் கூட்டத்தில் முதல் வரிசை. தாம்பரத்தில் அவள் போகும் கிறிஸ்தவ சபையில்தான் அவனும் ஞாயிறுதோறும் கிடார் வாசித்தான். மற்ற நாட்களில் சாஃப்ட்வேர் கம்பெனி. விரலுக்குத் தெரிந்தது நாலு கார்ட்ஸ். டோனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவரின் டீ ஆறிவிடும். ஒரு சனிக்கிழமை காலை தோளில் கிடாரை மாட்டிக்கொண்டு, புது ஆம்ப் ஒன்றைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்தான்.

“நடுநடுவுல சத்தம் கட் ஆகுதுக்கா. அதைச் சரி பண்ணிட்டு, அப்படியே கொஞ்சம் மாடிஃபை பண்ணிக் குடுங்க. டோன் இன்னும் கிரீமியா வரணும்.”

“கிரீம் வேணும்னா பேக்கரிக்குப் போ. யார் செஞ்சது இது?”

“மாடம்பாக்கம் ஜெர்சன் அண்ணா. எல்லாமே கையால வயரிங். ஒரிஜினலைப் பக்கத்துல வச்சாக்கூட வித்தியாசம் தெரியாது.”

பின்பலகையைக் கழற்றி ஸ்விட்சைப் போட்டாள். வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் அழகாகக் கனன்றுகொண்டிருந்தன. அடியில் சர்க்யூட் இருக்கவேண்டிய இடம் முழுக்கக் கறுப்புப் பிசினை ஊற்றி இறுக்கியிருந்தது.

“அது அவரோட சீக்ரெட்க்கா. யாரும் காப்பியடிச்சிடக் கூடாதுன்னு. அதை மட்டும் தொடாதீங்க.”

“இதுவே காப்பி. இதுல ரகசியம் வேறயா? தொடாம சரியாகணும்னா நம்ம சபை ஐயர்கிட்ட எடுத்துட்டுப் போ, தலையில கைவச்சு ஜெபிப்பாரு.”

சூடுகாட்டிப் பிசினை இளக்கி, ஸ்க்ரூ டிரைவரால் பெயர்த்தாள். கட்டி கட்டியாக வந்தது. அடியில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பச்சை அட்டை, அதன் மேல் ஒரு ஐ.சி. சில்லு. சாதாரண டெஸ்க் ஸ்பீக்கருக்குள் இருக்கும் அதே சமாச்சாரம். கிடாரின் சத்தம் அதற்குள் புகுந்து, அங்கிருந்து நேராக ஸ்பீக்கருக்குப் போனது. வால்வுகளுக்குப் போனது சூடாக்குவதற்கான மின்சாரம் மட்டும்.

“வாசி,” என்றாள்.

அவன் வாசித்தான். அவள் துணியால் பிடித்து ஒரு வால்வைப் பிடுங்கினாள். சத்தம் நிற்கவில்லை. அடுத்ததையும் பிடுங்கினாள். எல்லாம் மேஜைக்கு வந்த பிறகும் ஆம்ப் பாடிக்கொண்டிருந்தது. எலியேசரின் கைதான் நின்றது.

கிடாரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: “அக்கா, அந்தக் கறுப்பைத் திரும்பப் பூசிடுங்க.”

“என்னது?”

“போன மாசம் சபைக்கு இதே மாதிரி ஒண்ணு நான்தான் வாங்கிக் குடுத்தேன். எல்லாருக்கும் தெரிஞ்சா என்னை என்னன்னு நினைப்பாங்க?”

ஏமாந்தவன் ஏமாற்றியவனுக்குத் துணை நிற்கிறான். ஆம்பை அவன் கையில் கொடுத்து வெளியே அனுப்பினாள்.

அன்று பிற்பகலே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாடம்பாக்கம் போனாள். ஜெர்சனின் பட்டறை ஒரு மாடிப்போர்ஷன். இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தவர், விஷயத்தைக் கேட்டு அதிரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வால்வு அழகுக்குத்தான் சிஸ்டர். இவங்கல்லாம் கண்ணாலதானே கேக்கறாங்க.”

“இதுக்குப் பேர் திருட்டு.”

“கேட்டவன் எவனாவது குறை சொன்னானா? எலியேசர் ஒருநாள் இங்க வந்து அழாத குறையா உட்கார்ந்திருந்தான். ‘உன் காதுக்கு ரேடியோல இருக்கிற ஐ.சி.யே ஜாஸ்தி’ன்னு நீங்க சொன்னீங்களாம். யோசிச்சுப் பார்த்தேன். சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. அதையே செஞ்சு குடுத்தேன்.” காபி டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். “அவங்க மேல உங்களுக்கு இருக்கிற மதிப்புதான் எனக்கும். நீங்க மூஞ்சிக்கு நேரா சொல்றீங்க. நான் சொல்றதில்ல. அவ்ளோதான்.”

அவள் அதைச் சொன்னது உண்மை. அப்படிச் சொல்லிவிட்டு அன்று அவள் சிரித்ததும் உண்மை. நான் யாரையும் ஏமாற்றவில்லை என்ற பதில் திரும்பும் வழியில் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நிற்கும்போதுதான் வந்தது. அதுவும் பாதிப் பதிலாகத்தான் பட்டது. அந்த ஆளின் காபியைக் குடித்திருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

மாலையில் சபையில் பாட்டுப் பயிற்சி. எல்லாரும் இருந்தார்கள். ஜெரூஷா நேராகப் போய்ச் சபை ஆம்பின் பின்பலகையைக் கழற்றி, விஷயத்தைச் சொல்லிவிட்டு, வாசிக்கச் சொல்லி வால்வுகளைப் பிடுங்கிக் காட்டினாள்.

“பாடுதே! அப்புறம் என்ன பிரச்சினை?” என்றாள் குழுத்தலைவி ஹெப்சி.

கமிட்டிச் செயலாளர் சுந்தர்சிங் தொண்டையைச் செருமினார். “ஜெபம் பண்ணிப் பிரதிஷ்டை பண்ணின பொருளை இப்படிக் கழட்டலாமாம்மா? திரும்ப மாட்டிடு. எரிஞ்சாத்தான் பார்க்க லட்சணமா இருக்கு.”

இந்த மந்தைக்கு இதுவே அதிகம் என்று அவள் நினைத்தாள். நினைத்த உடனே அது ஜெர்சனின் குரலில் கேட்டது. திரும்பியபோது எலியேசர் எழுந்து நின்றுகொண்டிருந்தான். காது மடல் சிவந்திருந்தது.

“நான்தான் சார் சிபாரிசு பண்ணேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசினேன். என்கிட்ட இருக்கிறதும் இதே டப்பாதான்.”

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். கமிட்டி கூடிப் பேசும் என்றார் சுந்தர்சிங். கமிட்டி இன்னும் கூடவில்லை. ஞாயிறுதோறும் அந்த ஆம்ப் லட்சணமாக எரிந்துகொண்டிருக்கிறது. ஜெர்சனுக்குப் பக்கத்துச் சபையிலிருந்தும் ஆர்டர் போயிருப்பதாகக் கேள்வி.

எலியேசர் தன் ஆம்பைத் தூக்கிக்கொண்டு மறுபடி அவள் வீட்டுக்கு வந்தான். “உள்ள நிஜமாவே வால்வு சர்க்யூட் ஒண்ணு போட்டுக் குடுப்பீங்களாக்கா?” கிரீம் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. அவள் பெட்டியைக் காலிசெய்து டிரான்ஸ்பார்மரிலிருந்து தொடங்கினாள். மழைக்காலம் முழுக்க வேலை இழுத்தது. முடிந்ததும் அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து வாசித்தான். தலையைச் சாய்த்துக் கேட்டான். மீண்டும் வாசித்தான்.

“பொய் சொல்ல மாட்டேன்க்கா. எனக்குப் பெரிசா வித்தியாசம் தெரியல.”

அவள் நாக்கு நுனியில் நாலைந்து குத்தலான பதில்கள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றும் நன்றாகவே இருந்தது.

“இன்னொரு தடவை வாசி,” என்றாள்.

அவன் வாசித்தான். சுமாராகத்தான் வாசித்தான்.