வெளிநாட்டிலிருந்து வந்த கிளட்ச்

1

இந்தக் கதை ஒரு தலையாட்டலில் பிறந்தது. ஆட்டிய தலை என்னுடையது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மாலை வெயிலில் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒரு…’ அடித்துவிட்டேன். காருக்கு என்ன கேடு? அது நன்றாகத்தான் இருக்கிறது.

2

என் அண்ணன் மெக்கானிக். ஐம்பது வருடப் பழைய அந்தக் கார் எங்கள் ஊர் டாக்டருடையது. பெடலை மிதித்ததும் கிளட்சைத் தள்ளிக்கொடுக்கும் பேரிங் தேய்ந்துபோயிருந்தது. அதை இப்போது யாரும் செய்வதில்லை. பழைய இரும்புக் கடைகளில் நான்கு மாதம் அலைந்துவிட்டு, கடைசியில் ஒரு டிராக்டர் பேரிங்கை வாங்கி, அது உட்காரத் தோதாக ஒரு வளையத்தை லேத்தில் அண்ணனே கடைந்தான். மாட்டிப் பார்த்தால் கீச்சென்று கத்தியது. கழற்றினான். அடுத்துக் கடைந்த வளையம் இரண்டு மில்லிமீட்டர் குட்டை, கியர் விழவில்லை. மூன்றாம் முறை கியர்பாக்ஸை ஏற்றும்போது வலது கை விரலில் நகம் பெயர்ந்தது. ஆனால் கிளட்ச் வெண்ணெய் மாதிரி இறங்கியது.

(நகத்தைக் கதைக்காகச் சேர்த்தேன் என்று நினைக்காதீர்கள். கட்டுப் போட்டது நான்தான்.)

3

பழைய கார்களின் கண்காட்சி. டாக்டர் நண்பர்களிடம் சொன்னார்: “கிளட்ச் பார்ட்டா? வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சேன். இங்க எவன் செய்வான்?” பிறகு என்னைப் பார்த்து, “என்ன சார், நீங்க பார்த்தீங்கல்ல?”

அவருடைய மருத்துவமனையில் என் மகளுக்கு வேலை கேட்டிருந்தேன். தலையாட்டினேன்.

அண்ணன் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். “கொஞ்சம் ஓரமா நில்லுப்பா, போட்டோ எடுக்குறாங்க” என்றார் டாக்டர். நின்றான்.

4

அண்ணன் காதில் எதுவும் விழவில்லை என்று இந்தக் கதையின் முதல் படியில் எழுதினேன். பொய். மூன்றடி தள்ளித்தான் நின்றான்.

அண்ணன் டாக்டர் சட்டையைப் பிடிப்பதாக இரண்டாம் படி. அதுவும் பொய். அந்தக் கோபம் எனக்கு வந்திருக்க வேண்டியது. எழுத்தில் அவன் தலையில் கட்டப் பார்த்தேன்.

மூன்றாம் படியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, நின்றபடியே முழுவதும் படித்தான்.

“பாப்பாவுக்கு வேலை கிடைச்சிடுச்சுல்ல?”

“போன வாரம் சேர்ந்துட்டாண்ணே.”

“அப்புறம் என்ன? இதை அச்சுல போடாத. அந்தாளு படிச்சா அவ வேலைக்கு உலை வெச்சிடுவான்.”

“உனக்கு வருத்தமே இல்லையாண்ணே?”

தாளை என் கையில் திணித்தான். “அங்க பேச வேண்டியதை இங்க வந்து எழுதிட்டு, என்கிட்ட வருத்தம் கேக்குறியாடா?”

காருக்கடியில் படுத்துவிட்டான்.

5

வெளியிடாவிட்டால் இன்னொரு முறை தலையாட்டியவன் ஆவேன். வெளியிட்டால் மகளின் வேலை. அவளிடம் நான் கேட்கவே இல்லை.

இதை நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அண்ணன் சொன்னதை நான் கேட்கவில்லை என்று அர்த்தம். அவனுக்காகவா, கைக்கு வந்த கதையை விட மனமில்லாமலா? முடிவை நான் எழுதினால் எனக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.