கட்டினவன் நிற்கும் இடம்

மின்விசிறியை மாட்டிய அன்றுதான் மாப்பிள்ளைக்கும் மாமனாருக்கும் முதல் முட்டல். மாப்பிள்ளை லாரிப் பட்டறையில் வெல்டர். கல்யாணமான புதிதில், மாமனார் வீட்டில் கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றி, கொக்கியைப் பற்றவைத்துத் திரும்ப மாட்டினான். சுவிட்சைப் போட்டதும் சத்தமில்லாமல் சுற்றியது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மாமனார் உள்ளே போய் ஒரு பாயை எடுத்து வந்து, சரியாக அதன் கீழே விரித்தார்.

“படுங்க மாப்பிள்ளை.”

“தூக்கம் வரலையே மாமா.”

“தூங்கச் சொல்லலை. படுக்கச் சொன்னேன்.”

மாமனார் பட்டாளத்தில் குண்டுச் சத்தத்தில் ஒரு காது போனவர். அவர் ரகசியம் பேசினாலே எதிர்வீட்டுக்குக் கேட்கும். அடுக்களையில் மாப்பிள்ளையின் மனைவி வாயைப் பொத்திச் சிரித்தாள். மாப்பிள்ளை படுத்தான். மேலே சுற்றுகிற இரும்பைப் பார்த்துக் கிடந்தபோது, கொக்கியின் திருகாணியை முழுக்க முடுக்கினோமா என்ற சந்தேகம் வந்தது. எழுந்து, விசிறியை நிறுத்தி, ஏணி போட்டுப் பார்த்தான். இன்னும் ஒரு சுற்றுக்கு இடம் இருந்தது. முடுக்கிவிட்டு இறங்கினான்.

“இனிமே யார் வேணா படுக்கலாம்” என்றார் மாமனார்.

அதன்பிறகு பட்டறையில் அவரைப் பற்றி அவன் செய்யாத கேலி இல்லை. பேத்திக்குத் தொட்டில் கட்டி, அதில் மாவு மூட்டையைப் போட்டு ஆட்டிவிட்டு, அடியில் மல்லாந்து கிடந்த மனுஷனை வேறு என்ன செய்வது?

ஊரில் அவர் பட்டாளத்தார். ஆனால் துப்பாக்கி பிடித்துச் சண்டை போட்டவர் இல்லை; பாலம் போடும் படையில் இருந்தவர். எதிரி தகர்த்துவிட்டுப் போன ஆறுகளின் மேல் இரும்புச் சட்டங்களைக் கோத்து, லாரிக்கு வழி செய்வது வேலை. அந்தப் படையில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் லாரி ஏறும்போது, பாலத்தை முடுக்கியவர்கள் அதன் அடியில் நிற்க வேண்டும். இடுப்பளவு தண்ணீர் என்றாலும் நிற்க வேண்டும்.

“பயமா இருக்காதா மாமா?” என்று ஒருநாள் பட்டறையில் கேட்டான்.

“பயப்படத்தானே நிக்க வைக்கிறாங்க? பயந்தவன் கைதான் போல்ட்டை ஒழுங்கா முடுக்கும்.”

அவர் போட்ட பாலம் எதுவும் விழவில்லை. ஒருமுறை, லாரி ஏறும் முன்பே குண்டு வந்து விழுந்தது. பக்கத்தில் நின்ற கூட்டாளி செத்தான். இவருக்குக் காது போயிற்று. மிச்சமிருந்தவர்கள் சட்டங்களைச் சரிபார்த்து, மறுபடி கீழே போய் நின்ற பிறகுதான் லாரியை விட்டார்களாம். இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கவில்லை. தேநீர் ஆறிவிட்டது என்றுதான் குறைப்பட்டார்.

ஓய்வு பெற்று வந்தவர் சும்மா இருக்கவில்லை. ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஓடை. சுற்றிப் போனால் பாதி உயிர் வழியிலேயே போய்விடும். மனு கொடுத்துச் சலித்தவர்களைத் திரட்டி, பழைய இரும்பை வீடுவீடாகக் கேட்டு வாங்கி, நடைபாலம் போட்டார். ஊரே மேலே நடந்தபோது அவர் கீழே சேற்றில் நின்றார். “உடுப்பெல்லாம் சேறு! யாரு தொவைக்கிறது?” என்று கரையிலிருந்து அவர் மனைவி திட்டித் தீர்த்தாள். பின்னாளில் அவர் மகளையே, வலி எடுத்த நேரத்தில், அந்தப் பாலத்தின் மேல்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அவர் இறந்த சில மாதங்களில் வெள்ளம் வந்து பாலத்தின் நடுப்பகுதியை முறுக்கிப் போட்டது. நகராட்சி இரும்பு கொடுத்தது. வேலையை மாப்பிள்ளை இழுத்துப் போட்டுக்கொண்டான். முதலாண்டு நினைவு நாளில் திறப்பு என்று முடிவானது.

முந்தின நாள் தூறல். பாலத்தை நடுவில் தாங்கும் சட்டத்தில் கடைசி இணைப்பு பாக்கி. வெல்டிங் ராடுகள் ஈரம் குடித்திருந்தன. காயவைக்க அவனுக்குப் பொறுமையில்லை. ஈர ராடால் போட்ட பற்று வெளியே பளபளக்கும், உள்ளே பஞ்சு மாதிரி ஓட்டை விழும். தெரிந்தேதான் போட்டான். தேய்த்துப் பச்சை பெயிண்ட் அடித்ததும் மறைந்துவிட்டது. தாங்கும். அநேகமாகத் தாங்கும்.

மறுநாள் காலை ஊர் திரண்டது. நகராட்சித் தலைவர் கத்தரிக்கோலுடன் நின்றார்.

“கீழ யாருப்பா நிக்கிறது?” கூட்டத்திலிருந்து சலூன்காரர் கத்தினார். “பட்டாளத்தார் இருந்தா இந்நேரம் முழங்கால் சேத்துல நிப்பாரு!”

எல்லோரும் சிரித்தார்கள்.  “அதெல்லாம் அவரோட போச்சுண்ணே” என்றான் மாப்பிள்ளை. முன்வரிசையில் மாமியாரின் நாற்காலி காலி. எட்டிப் பார்த்தான். ஓடையின் மணல்திட்டில், அந்த இணைப்புக்கு நேர் கீழே, குடையும் முக்காலியுமாக அவள் உட்கார்ந்திருந்தாள்.

சரிந்து விழாத குறையாக இறங்கி ஓடினான். “அத்தை, மேல வாங்க. இங்க உக்காரக் கூடாது.”

“ஏன், யாரு வழியை மறிச்சேன்?”

“சேறா இருக்கு அத்தை.”

“இத்தனை வருஷம் மேல நின்னு அந்த மனுஷனைத் திட்டினேன். கீழ இருந்தா எப்படித்தான் இருக்கும்னு பாத்துடறேன். நீங்க போட்டதுதானே மாப்பிள்ளை? அப்புறம் என்ன?”

அவன் அண்ணாந்து பார்த்தான். அங்கிருந்து பார்க்க, பெயிண்ட் எதையும் மறைத்ததாகத் தெரியவில்லை. ‘அநேகமாக’ என்பது இங்கே போதாது.

மேலே ஏறித் தலைவரிடம் போனான். “இப்ப திறக்காதீங்க. ஒரு இணைப்பை வெட்டித் திரும்பப் போடணும்.”

“விளையாடுறியா? முடிஞ்சுதுன்னு நீதானே சொன்னே?”

“சொன்னேன். ஈர ராடால போட்டுட்டேன். நம்ப முடியாது.”

தலைவர் கையில் இருந்த மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. அவன் சொன்னது ஓடையின் அக்கரை வரை போய்ச் சேர்ந்தது.

“மாமனார் மாதிரியே ஊருக்கே கேக்குறாப்ல ரகசியம் பேசறான் பாரு” என்றார் சலூன்காரர். இந்தமுறை பாதிப் பேர்தான் சிரித்தார்கள். தலைவர் கத்தரிக்கோலை உதவியாளர் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

மாப்பிள்ளையின் மனைவி ராடுகளை வீட்டுக்கு எடுத்துப் போய் இரும்புச் சட்டியில் சூடாக்கினாள். “ராடை வறுக்கிற வீடு நம்ம வீடுதாங்க” என்று தலையில் அடித்துக்கொண்டாலும், ஒன்றையும் ஈரமாக விடவில்லை. பழைய பற்றை வெட்டியதும் உள்ளே தெரிந்தது. அவன் நினைத்ததைவிட மோசம். நிதானமாக, மறுபடி போட்டான்.

வெயில் தாழ்ந்தபோது கூட்டத்தில் பாதிதான் மிச்சம். அவன் இறங்கிப் போய் முக்காலியின் பக்கத்தில் நின்றான். செருப்பைச் சேறு உள்ளே இழுத்தது.

“போட்டவரே வந்தாச்சு. இனி எனக்கு இங்க என்ன வேலை?” மாமியார் குடையை மடக்கினாள்.

முதல் ஆளாக அவள்தான் பாலத்தில் ஏறினாள். நடுவில் நின்று, காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். வெட்டிய இரும்புத் தூள் அவன் தலையில் கொட்டியது. பின்னாலேயே ஊர் திமுதிமுவென்று ஏறியது.

கைப்பிடியைப் பிடித்து எட்டிப் பார்த்த மாமியார் கத்தினாள்: “உடுப்பெல்லாம் சேறு! யாரு தொவைக்கிறது?”

 அவன் கண் இணைப்பை விட்டு நகரவில்லை.