நீல மை

பிரேசர் டவுனில் க்ளென் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பத்திரிகையின் பெரிய குறுக்கெழுத்துக்கு ஒரு சட்டம் உண்டு. இடமிருந்து வலம் அவருடையது, கறுப்பு மை. மேலிருந்து கீழ் மனைவி அன்னம்மாளுடையது, நீல மை. நாற்பது வருடமாக அடுத்தவர் பகுதியில் மூக்கை நுழைத்ததில்லை. சர்ச்சிலிருந்து வந்து உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும். முடித்ததும் படம் எடுத்து மெல்பர்னில் இருக்கும் மகள் ஆஷ்லிக்கு அனுப்புவார்கள்.

ஒன்றரை வருடத்துக்கு முன் அன்னம்மாளுக்கு மறதி நோய் என்றார் டாக்டர். அந்த வாரம் நீலப் பேனாவையும் க்ளென்னே எடுத்தார். மகள் பயந்துவிடக் கூடாதே என்றுதான். மனைவியின் சாய்ந்த எழுத்தை அச்சு அசலாகப் போட்டார். மனிதர் வாழ்நாளில் செய்த ஒரே திருட்டுத்தனம். அதையும் இவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்து தொலைத்தார். "மம்மி இன்னும் செம ஷார்ப், டாடி!" என்று ஆஷ்லி வாராவாரம் பூரித்தாள். ஃபோனில் அம்மாவைக் கேட்டால், "மம்மி தூங்குறாம்மா" என்று சமாளித்தார்.

இப்போது முடியவில்லை. குளிப்பாட்ட, ஊட்ட, கதவைப் பூட்டிக் காவல் இருக்க, எழுபத்தாறு வயது உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஆஷ்லி வந்தே ஆக வேண்டும்.

இந்த ஞாயிறு புதிர் லேசில் மசியவில்லை. பதினேழாவது குறிப்பு ஒரு மணி நேரம் அலைக்கழித்துவிட்டுத் திடீரென்று பிடிபட்டது. குறிப்பில்தான் எத்தனை அழகான ஏமாற்று!

"அன்னம், இதைக் கேளேன்!" என்று துள்ளித் திரும்பினார்.

அவள் மேஜையிலிருந்த நீலப் பேனாவை எடுத்து மரியாதையாக நீட்டினாள். "இது உங்க பேனாவா, சார்?"

க்ளென் பேனாவை வாங்கி மூடி வைத்தார். அவள் பகுதியை நிரப்பாமல், காலிக் கட்டங்களோடு அப்படியே படம் எடுத்து அனுப்பினார். வாயால் சொல்லத் துணிவில்லாததை அதுவாவது சொல்லட்டும். மகள் பதறிக் கூப்பிடுவாள், எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று காத்திருந்தார்.

பத்து நிமிடத்தில் ஆஷ்லியின் குரல் செய்தி வந்தது.

"மம்மியாலயே முடியலையா! நானும் காலையிலயே ஆன்லைன்ல ட்ரை பண்ணேன் டாடி, நாலு கூட வரல. இந்த வாரம் புதிர் போட்டவன் ரொம்ப மோசம். அப்புறம் ஒரு குட் நியூஸ். இங்க வேலைலயே இன்னும் மூணு வருஷத்துக்கு சைன் பண்ணிட்டேன். நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்கன்ற தைரியந்தான்."

க்ளென் அதை இரண்டு முறை கேட்டார். பிறகு பொத்தானை அழுத்தி, "ரொம்ப சந்தோஷம்மா" என்றார். குரல் உடைவதற்குள் விரலை எடுத்துவிட்டார்.