கூடைப்பந்தில் நாங்கள் ஜெயித்த வருடம்

தொலைக்காட்சியில் பந்து வளையத்துக்குள் விழுந்ததும் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் நாற்காலி மேல் ஏறிக் குதித்தார்கள். எனக்கு மட்டும் உள்ளூரப் பயம். சந்தோஷம் இல்லாமலில்லை, தொண்டை கிழியக் கத்தியவர்களில் நானும் ஒருத்திதான். ஆனால் கத்தி முடித்துத் திரும்பினால், பக்கத்தில் ட்ரெவர் ஹால்விக். லாட்டரி விழுந்தவன் முகம் அவனுக்கு. அந்த முகத்தோடு யாரும் உருப்படியாக ஒரு முடிவெடுத்து நான் பார்த்ததில்லை.

ட்ரெவர் எங்கள் ஆல்டர்ஃபோர்ட் கல்லூரியின் மாணவர் சேர்க்கைத் தலைவன். நான் அவனுக்குக் கீழே, உள்ளூர்ப் பிள்ளைகளைச் சேர்க்கிறவள். ஓஹாயோ ஆற்றங்கரையில் ஆலைகளெல்லாம் மூடிப்போன ஊரில் மிச்சமிருப்பது இந்தக் கல்லூரி ஒன்றுதான். அதற்கும் ஜனவரியிலேயே கெடு வைத்துவிட்டார்கள். நிர்வாகக் குழுத் தலைவி எங்களை உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "ஆகஸ்ட்ல முதல் வருஷ வகுப்பு நிறையணும். நிறையலேன்னா அப்புறம் புதுசா யாரையும் சேர்க்கப் போறதில்ல. இருக்கிற பசங்களை எங்கயாவது அனுப்பிட்டு மூடவேண்டியதுதான். இது இந்த ரூமை விட்டு வெளிய போகக்கூடாது."

அன்றிலிருந்து தினமும் விண்ணப்பங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் மார்ச் மாதத்துத் தேசியக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில் எங்கள் பையன்கள் போய் அந்தக் கூத்தைப் பண்ணினார்கள். பதினாறில் பதினைந்தாம் இடத்தில் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்ட அணி, நாடே கொண்டாடும் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தை மண்ணைக் கவ்வ வைத்தது. இரண்டு நாள் கழித்து இன்னொன்றையும் வீழ்த்தியது. அதற்கடுத்த ஆட்டத்தில் தோற்றோம். அதனாலென்ன? தொலைக்காட்சிக்காரர்கள் எங்கள் பேரைத் தப்புத்தப்பாக உச்சரித்தபடி தெருத்தெருவாக அலைந்தார்கள். பல்பொருள் கடையில் எங்கள் கல்லூரியின் பச்சைச் சட்டை தீர்ந்துபோய், ஜனங்கள் பச்சைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு மாதாகோவிலுக்கு வந்தார்கள். டெக்சாஸிலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும் விண்ணப்பங்கள் கொட்டின. "வில்மா, பொழச்சுட்டோம்" என்று பார்க்கிறவர்களெல்லாம் என் கையைக் குலுக்கினார்கள்.

வழக்கமாக அந்த வாரத்தில்தான் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு 'உனக்கு இடம் உண்டு' என்று கடிதம் போகும். ட்ரெவர் அதை நிறுத்திவிட்டான்.

"எல்லாரையும் காத்திருப்பு வரிசையில போடு, வில்மா" என்றான்.

"எதுக்கு?"

"யோசிச்சுப் பாரு. தூரத்துலேருந்து இத்தனை பேர் கேக்கறாங்க. இடத்தை முதல்ல அவங்களுக்குக் குடுப்போம். உள்ளூர்ல கேட்டவனுக்கெல்லாம் உடனே குடுத்தா நம்மளை எவன் மதிப்பான்? கொஞ்சம் கிராக்கி காட்டணும். உள்ளூர்ப் பசங்க எங்க போயிடப் போறாங்க? ஜூன் வரைக்கும் காத்திருப்பாங்க. காத்துள்ளபோதே தூத்திக்கணும்."

"காத்துல தூத்தினா பதர்தான் பறக்கணும். நீங்க நெல்லைப் பறக்க விடறீங்க!"

"உனக்கு எப்பவுமே பயம்தான்."

"பயமில்லாம? கலிஃபோர்னியாக்காரன் மேட்ச் பார்த்த ஜோர்ல ஒரு பட்டனை அமுக்கியிருக்கான். நம்ம ஊர் எந்தப் பக்கம் இருக்குன்னு அவனுக்குத் தெரியுமா? அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையா ஆகிடும், சொல்லிட்டேன்."

அவன் சிரித்தான். கல்லூரித் தலைவர் வரைக்கும் போய்க் கத்திப் பார்த்தேன். அவரும் அதே லாட்டரி முகத்தோடு உட்கார்ந்திருந்தார். கடிதங்கள் போய்விட்டன.

ஏப்ரல் பிறந்தது. பயிற்சியாளர் பிராக்ஸ்டனைத் தெற்கே ஒரு பெரிய பல்கலைக்கழகம் கொத்திக்கொண்டு போனது. அவர் போன கையோடு நல்ல ஆட்டக்காரர்களும் ஒவ்வொருவராக வேறு கல்லூரிக்குக் கிளம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் கவலைப்பட்டது தூரதேசத்துப் பிள்ளைகளைப் பற்றித்தான். அவர்களுக்கு இடம் கொடுத்தாயிற்று, 'வருகிறேன்' என்று உறுதி சொல்ல ஒருத்தரும் இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டேன். "ஓ, அந்தக் கூடைப்பந்து காலேஜா! செம மேட்ச்!" என்றான் ஒருவன். வருகிறாயா என்று கேட்டேன். "எங்க?" என்றான்.

மே முதல் தேதி எங்கள் நாட்டில் பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம். கடைசி வகுப்புப் பிள்ளைகள் எந்தக் கல்லூரிக்குப் போகிறார்களோ அந்தக் கல்லூரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார்கள். நான் வருடா வருடம் டோனட் வாங்கிக்கொண்டு ஊர்ப் பள்ளிக்குப் போவேன். பச்சைச் சட்டைக் கூட்டம் ஓடிவந்து என்னைச் சூழ்ந்துகொள்ளும். இந்த வருடம் போய் நின்றால், கூடம் முழுக்க நீலம். நாங்கள் காத்திருக்கச் சொன்ன பிள்ளைகளை, மாநிலப் பல்கலைக்கழகம் மடியில் தூக்கி வைத்துக்கொண்டுவிட்டது. மார்ச்சில் ஊரே பச்சையாக இருந்ததே, ஒரு சட்டை, ஒரே ஒரு சட்டை இருக்கிறதா என்று கண்ணாலேயே தேடினேன். ஓரமாக ஒரு பையன் பச்சையில் நின்றிருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தால் ராணுவத்தில் சேர்கிறானாம்.

கோரின் குபியாக்கும் நீலத்தில் இருந்தாள். அவளுடைய அக்கா, அண்ணன்மார் மூன்று பேரும் எங்களிடம் படித்தவர்கள். அவள் அப்பா லெஸ்டர் என்னோடு பள்ளியில் படித்தவன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோரின் எங்கே போகிறாளோ அங்கேதான் அவளுடைய தோழிகள் நாலைந்து பேரும் போவார்கள், சின்ன வயதிலிருந்தே அப்படி. டோனட் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

சாயந்திரம் நேராக அவள் வீட்டுக்குப் போனேன். லெஸ்டர்தான் கதவைத் திறந்தான்.

"வாம்மா வில்மா, என்ன, வரிசை நகர்ந்துடுச்சா?"

"லெஸ்டர், உள்ள வரட்டுமா?"

"வாசல்லயே நில்லு. நாங்க நிக்கல?" என்றான். ஆனாலும் வழிவிட்டான். சமையலறை மேசையில் கோரின் உட்கார்ந்திருந்தாள். காபி கூடக் கொடுக்காமல் லெஸ்டர் பிடித்துக்கொண்டான்.

"மேட்ச் பாக்கப் பனியில பஃபலோ வரைக்கும் வண்டி ஓட்டினேன். டிவியில மூஞ்சி பூரா பச்சை பூசிக்கிட்டு ஒரு கிறுக்கன் அழுதான் பாரு, அது நான்தான். அடுத்த வாரம் உங்க லெட்டர் வருது. என் பொண்ணு வெளிய நிக்கணுமாம். ஜெயிச்சதும் எங்களை அடையாளம் தெரியல, இல்ல?"

"நீ திட்டறது நியாயம்தான். நானும் வேணாம்னு கத்தினேன், எடுபடல." கோரின் பக்கம் திரும்பினேன். "கண்ணு, உனக்கு இடம் இருக்கு. அக்கா படிச்ச அதே நர்சிங். இப்பவே சொல்லு, நாளைக்குக் காலைல நானே முடிச்சுக் குடுக்கறேன்."

"இப்ப மட்டும் என்ன அவசரமோ" என்றான் லெஸ்டர்.

"அப்பா, நீ சும்மா இரு." அவள் அந்த நீலச் சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்கு அங்க போக இஷ்டமே இல்ல, மிஸ் வில்மா. அவ்ளோ தூரம். இங்கயே இருக்கணும்னுதான் ஆசை. நான் வந்தா என் ஃப்ரெண்டு பெத்தும் மத்தவளுங்களும் வந்துடுவாளுங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கோச் போயிட்டாரு, பசங்க போயிட்டாங்க, நீங்க வீடு தேடி வர்றீங்க. நாலு வருஷமும் காலேஜ் இருக்குமா?"

'இருக்கும்.' ஒரே வார்த்தை. ட்ரெவராக இருந்தால் அவள் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லியிருப்பான். நான் இருக்கும் என்று சொன்னால் இவள் வருவாள், தோழிகள் வருவார்கள், அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வரலாம், அப்படியே கல்லூரி இருந்தாலும் இருந்துவிடும். தெரியாது என்று சொன்னால் நிச்சயமாக இருக்காது. நான் சொல்கிற பதிலில்தான் அது கிடந்தது. இருக்கும் என்று சொல்லி இல்லாமல் போய்விட்டால்? இரண்டாம் வருடத்தில் இந்தப் பிள்ளை நடுத்தெருவில் நிற்குமே!

"தெரியாது கண்ணு" என்றேன்.

லெஸ்டர் மேசைப் பக்கம் வந்தான். "என்னது, தெரியாதா? அதான் ஜெயிச்சீங்களே! பொழச்சுடுச்சுன்னு ஊரே சொல்லுதே?"

"ஊர் சொல்லுது."

கோரின் எழுந்து வந்து என் தோளைக் கட்டிக்கொண்டாள். "அப்போ நான் அங்கயே போறேன்" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

லெஸ்டர் கார் வரைக்கும் வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"வில்மா, பெரியவங்க மூணு பேரும் வாங்கின பட்டம்... அது செல்லுமில்ல?"

"செல்லும் லெஸ்டர்."

"காலேஜே இல்லேன்னாலும்?"

"இல்லேன்னாலும் செல்லும்" என்றேன். ஜனவரியிலிருந்து 'காலேஜ் இல்லேன்னாலும்' என்பதை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.