ஏழாவது குண்டு

கழுத்தில் அளவுநாடா தொங்க, கையில் பாதி தைத்த சட்டையோடு அவள் தெருவை ஓடிக் கடந்தாள். செருப்பில் ஒன்று ரொட்டிக்கடை முனையிலேயே கழன்றுவிட்டது. திரும்பிப் போய் எடுக்க நேரமில்லை. காலையில் வந்த டாக்டர் வாசலில் நின்று, அப்பா இன்றையப் பொழுதைத் தாண்டினாலே பெரிது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாதியில் கிடக்கும் வேலையைத் தையல் கடையில் ஒப்படைத்துவிட்டு அரை மணியில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் பக்கத்து வீட்டு அம்மாவை அப்பாவுக்குத் துணையாக உட்கார்த்திவிட்டுத்தான் கிளம்பினாள். கடை வரை போகவில்லை. வழியிலேயே அந்தச் சேதி அவளைத் திருப்பிவிட்டது. மூச்சு நிற்பதற்குள் அதை அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். வேறு யாரும் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது என்றும் இருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அப்பா கண்ணை மூடிக் கிடந்தார். நெஞ்சு மட்டும் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கட்டிலோரம் மண்டியிட்டு அவர் காதருகே குனிந்தாள்.

"அப்பா, கெடச்சிருச்சுப்பா. ஏழாவது."

கண் திறந்தது. மூன்று நாளாகத் திறக்காத அளவுக்குத் திறந்தது.

"எங்க?"

"ரொட்டிக்கடை வாசல்ல. தண்ணிக்குழாய் போடத் தோண்டினாங்கள்ல, மெஷின் போய் இரும்புல இடிச்சிருக்கு. வால் வெளிய தெரியுது. நானே பாத்தேன்."

அவர் சற்று யோசித்தார். உதடு கோணியது. அவர் சிரிக்கிறார் என்று அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"விளக்குக் கம்பம்னு எழுதிட்டேனே. இருபதடி தப்பிப் போச்சு."

அந்த ஊரில் அவருக்குப் பெயர் 'ஏழு'. தபால்காரர் என்று கேட்டால் எந்தத் தபால்காரர் என்று திருப்பிக் கேட்பார்கள். ஏழு என்றால் கைக்குழந்தைகூட வீட்டைக் காட்டும். சண்டை முடிந்த வருஷத்திலிருந்து அவர் நகராட்சிக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார். அன்று விமானம் போட்டது ஏழு குண்டு, வெடித்தது ஆறுதான், ஒன்று இந்தத் தெருவுக்கு அடியில் கிடக்கிறது, தோண்டிப் பாருங்கள் என்று. முதல் மனுவுக்கு இரண்டு பேர் வந்து தரையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பத்தாவது மனுவுக்குப் பதில் வரவில்லை. இருபதாவது மனுவைக் கொடுக்கப் போனபோது வாசல் காவலாளியே, என்ன ஏழு, குட்டி போட்டிருச்சா என்று கேட்டான். பள்ளிப் பிள்ளைகள் அவர் சைக்கிளைப் பார்த்தால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து விளையாடும். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் தம்பிக்கு நகராட்சியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. குடிநீர்ப் பிரிவில்தான். அதற்குப் பிறகு வந்த மனுக்களைக் கோப்பில் சேர்த்தது அவன். சேர்த்த அன்றெல்லாம் வீட்டுக்கு வந்து அப்பாவோடு பேசமாட்டான்.

சண்டை அவளுக்கு நினைவில்லை. அது முடியும்போது நாலு வயது. தம்பி கைக்குழந்தை. அப்பா சொன்னதுதான் அவளுக்குச் சண்டை. எங்கோ தூரத்தில் இரண்டு நாடுகள் ஒரு துறைமுகத்துக்காக முறைத்துக்கொண்டன. ஒன்றுக்கு நாலு நாடு துணைக்கு வந்தது, இன்னொன்றுக்கு ஐந்து. ஒரு வருஷத்துக்குள் சண்டையில் சேராத நாட்டை உலகப் படத்தில் விரல் வைத்துத் தேட வேண்டியதாயிற்று. ஊரில் மற்றவர்கள் அதைப் பேப்பரில் படித்தார்கள். அப்பாவுக்கு அது பையில் வந்தது. முதல் வருஷம், படைக்கு வரச்சொல்லும் உத்தரவுகள். கதவைத் திறந்த பையன்கள் அவரைக் கட்டிப்பிடித்துக் கூத்தாடினார்கள். இரண்டாம் வருஷம், தணிக்கையில் பாதிக்கு மேல் கறுப்பு மை பூசிய கடிதங்கள். மூன்றாம் வருஷம், சாவுச் சேதி வைத்த பழுப்பு உறைகள். அவர் சைக்கிள் மணி கேட்டதும் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள், சாத்தினால் கடிதம் வராது என்பதுபோல. நாலாம் வருஷம் விமானங்களே வந்தன. அந்த ஊரில் ரயில்கள் பிரிந்து போகும் சந்திப்பு இருந்தது. அதுதான் அந்த ஊர் செய்த குற்றம்.

தெருவில் ஒலிபெருக்கி கத்த ஆரம்பித்தது. இரண்டு மணி நேரத்தில் எல்லோரும் வீட்டைக் காலி செய்துவிட்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்றது. பக்கத்து வீட்டு அம்மா முதலில் தன் கோழிகளை நினைத்து ஓடினாள். மகள் அப்பாவுக்குச் சட்டை மாற்றினாள். பித்தானை மாற்றி மாற்றிப் போட்டாள். அழ வேண்டிய நாளில் தனக்கு இப்படித் துள்ளுகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. அப்பாவுக்கோ அதே துள்ளல் முகத்தில். எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, துரு பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கேள்வி கேட்டார்.

அப்போதுதான் தம்பி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. கக்கத்தில் தடித்த கோப்பு ஒன்று. பின்னால் முழங்கால்வரை சேறு அப்பிய ஓர் அதிகாரி. குண்டுகளைச் செயலிழக்க வைக்கும் படையைச் சேர்ந்தவர். முப்பது வயதுகூட இருக்காது. கோப்பில் இருந்த மனுக்களை வண்டியிலேயே படித்துவிட்டு, எழுதியவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாராம். தம்பி கட்டில் பக்கம் வராமல் கதவோரமே நின்றுகொண்டான்.

அதிகாரி தலைமாட்டில் குந்தினார். அவசரம் இருந்தும் நிதானமாகப் பேசினார். அந்தக் குண்டில் இரண்டு வகை உண்டு, விழுந்ததும் வெடிப்பது ஒன்று, உள்ளே நேரம் வைத்துப் பல மணி கழித்து வெடிப்பது இன்னொன்று, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்று விளக்கினார். முதல் வகையானால் தலையைத் திருகி எடுத்துவிடலாம். இரண்டாவது வகையைத் திருகினால் திருகியவன் போய்விடுவான்.

"அன்னைக்கு விழுந்ததுல எதாவது லேட்டா வெடிச்சுதாங்கய்யா? ஒங்களத் தவிர எண்ணினவங்க யாருமில்ல."

அப்பாவின் கண் மகளிடம் போய், கதவோரம் நின்ற மகனிடம் போய், மேல்கூரைக்குப் போனது.

"ஏழு விசில் கேட்டுச்சு தம்பி. வெடிச்ச சத்தம் அஞ்சுதான் கேட்டுச்சு."

"ஆறுன்னுதானேப்பா சொல்லுவீங்க" என்றாள் அவள்.

"ஆறாவது மறுநா காலைல."

பிறகு அவர் சொன்னதை அவர்கள் துண்டு துண்டாகத்தான் கேட்டார்கள். நடுநடுவே அவள் ஈரத் துணியால் உதட்டை நனைத்தாள். பொழுது சாயும் நேரம் விமானம் வந்தது. அவர் தபால் நிலைய மாடியில் காவல் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணுவதுதான் அவருக்குக் கொடுத்திருந்த வேலை. எல்லாம் அடங்கியதும் காவல்படைத் தலைவர் வந்து எல்லாம் வெடித்துவிட்டதா என்று கேட்டார். வெடிக்கவில்லை என்று சொன்னால் விடியும்வரை மாடியை விட்டு இறங்க முடியாது. வீட்டில் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை. சிலது இரண்டிரண்டாகச் சேர்ந்து வெடித்திருக்கும் என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினார். வீட்டில் மூவரும் கட்டிலுக்கடியில் பத்திரமாக இருந்தார்கள். மறுநாள் ரயில் கிடங்கில் இடிபாடு அள்ளுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஊர்ப் பெண்கள் போனார்கள். அவர் பெண்டாட்டியும் போனாள்.

"பத்து மணிக்கு" என்றார் அப்பா. "நல்லா வெயில் அடிச்சிட்டிருந்துச்சு."

அம்மா குண்டு விழுந்து செத்தாள் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி எழுந்து அப்பாவின் கையைத் தொட்டுவிட்டு ஓடினார். வாசலிலிருந்தே அவர் கத்துவது கேட்டது. பள்ளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை நிறுத்தச் சொன்னார், லாரி ஒன்றும் அசையக் கூடாது என்றார், காலி செய்யும் எல்லையை மூன்று தெரு தள்ளிப் போடச் சொன்னார். மோட்டார் நின்றதும் தெருவே காதடைத்ததுபோல ஆயிற்று.

அப்பாவைக் கட்டிலோடு தூக்கினார்கள். முன்னால் தம்பியும் ரொட்டிக்கடைக்காரரும், பின்னால் நகராட்சி வாசல் காவலாளியும் யாரோ ஒருவரும். தெரு முழுக்க ஜனம் மேட்டை நோக்கி நடந்தது. சுவர்க்கடிகாரத்தை இடுப்பில் வைத்திருந்த பெண், தையல் மெஷினைத் தோளில் சுமந்த தையல் கடை முதலாளி, பறக்கத் துடிக்கும் கோழிகளோடு பக்கத்து வீட்டு அம்மா. பயம் இருந்தது, ஆனால் யாரும் பயந்தவர்கள்போலப் பேசவில்லை. கட்டிலைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். ஏழு வர்றாரு, தள்ளு தள்ளு என்ற குரல் முன்னால் ஓடியது. அதே பெயர்தான், சொன்ன விதம் வேறாக இருந்தது. ரொட்டிக்கடைக்காரர் மூச்சு வாங்கியபடி, இருபது வருஷமா அதும்மேலதான் நின்னு மாவு பெசஞ்சிருக்கேன் ஏழு, ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா என்றார். கட்டில் தூக்கிய நாலு பேரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆனது.

பள்ளிக்கூட மைதானத்திலிருந்து ஊர் முழுவதும் தெரிந்தது. கட்டிலை ஒரு மரத்தடியில் போட்டார்கள். தலையை எவ்வளவு உயர்த்தி வைத்தாலும் அப்பாவுக்குக் கீழே தெரியவில்லை. அதனால் அவள் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறி நின்று, தெரிவதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். தம்பி தரையில் உட்கார்ந்து அப்பாவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான். அவன் அப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

மணல் மூட்டை அடுக்குகிறார்கள் என்றாள். எல்லோரும் திரும்பி வருகிறார்கள், ஒருத்தர் மட்டும் உள்ளே போகிறார் என்றாள். அவர்தான், நம் வீட்டுக்கு வந்தவர்தான், நடையிலேயே தெரிகிறது. பள்ளத்தில் இறங்கிவிட்டார். தலை மட்டும் தெரிகிறது. இப்போது தலையும் தெரியவில்லை. மைதானத்தில் நூற்றுக்கணக்கான பேர் வாய் திறக்காமல் நின்றார்கள். அவள் குரல் ஒன்றுதான் கேட்டது. சற்று நேரத்தில் சுற்றியிருந்தவர்களும் அவளைக் கேட்டே பார்ப்பதுபோல நெருங்கி வந்தார்கள். வெளியே வந்துவிட்டார் என்றாள், தண்ணீர் குடிக்கிறார், மறுபடி இறங்குகிறார். கருவி ஏதோ கேட்கிறார், கயிற்றில் கட்டி இறக்குகிறார்கள்.

ஓரிடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. வெறும் தெருவும் மணல் மூட்டையும்தான். அவள் நிறுத்தினாள்.

"சொல்லுக்கா" என்றான் தம்பி.

"ஒண்ணும் தெரியலடா."

"என்ன தெரியுதோ அதச் சொல்லு. நிறுத்தாத."

அவன் குரல் எப்படியோ இருந்தது. பயத்தில் இருக்கிறான் என்று நினைத்தாள். திரும்பிப் பார்க்க நேரமில்லை, கண்ணை எடுத்தால் ஏதாவது தவறிவிடும். ரொட்டிக்கடைக் கதவு திறந்தே கிடக்கிறதுப்பா என்றாள். விளக்குக் கம்பத்தில் ஒரு காக்காய் உட்கார்ந்திருக்கிறது. என் செருப்பு அங்கேயே கிடக்கிறது, இல்லை, அது கல்லோ என்னவோ. வெயில் சாய்கிறது. இதோ தலை தெரிகிறது. கையில் என்னமோ வைத்திருக்கிறார், சின்னதாக, ஒரு டம்ளர் அளவுக்கு. மெதுவாக நடக்கிறார். கீழே வைத்துவிட்டார். கையைத் தூக்கிவிட்டார்ப்பா, இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

மைதானம் ஒரே குரலாக எழுந்தது. கிழவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக் குலுக்கினார்கள், கோழிகள் கைதவறிப் பறந்தன, யாரோ பள்ளிக்கூட மணியை விடாமல் அடித்தார்கள். அவள் பெஞ்சிலிருந்து குதித்து, வெடிக்கலப்பா என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள்.

தம்பி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அப்பாவின் கண்களை அவன் எப்போதோ மூடிவிட்டிருந்தான்.

"எப்படா?"

"ரெண்டாந்தரம் எறங்கினார்னு சொன்னியே, அப்ப."

அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரொட்டிக்கடைக்காரர் சிரித்துக்கொண்டு கட்டிலை நோக்கி வந்தவர், இரண்டு அடி முன்னாலேயே நின்று, தலையிலிருந்த தொப்பியை எடுத்தார்.

வந்த வழியே அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இந்த முறை தூக்க ஆள் மாற்றி ஆள் வந்தது. தெருவில் மின்சாரத்தை இன்னும் கொடுக்கவில்லை. வீட்டின் முன்னறையில் கட்டிலை இறக்கிவிட்டு, ஒரு எண்ணெய் விளக்கை ஏற்றி வைத்தார்கள். இருட்டத் தொடங்கும்போது அதிகாரி வந்தார். வாசலிலேயே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இரண்டாவது வகைதான் என்று அவளிடம் சொன்னார். தலையைத் துளைத்துத்தான் உள்ளே நேரம் வைத்த கருவியை எடுத்தாராம், திருகியிருந்தால் அந்த நிமிஷமே முடிந்திருக்கும் என்றார்.

உள்ளே வந்து பார்க்கலாமா என்று கேட்டார். வாங்க என்றாள். அவர் தன் கால்களைப் பார்த்தார், பள்ளத்துச் சேறு முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைப் பிடித்தார். விரல்கள் பிடிக்க மறுத்தன. அவ்வளவு நேரம் அசையாமல் இருந்த கைகள் இப்போது உதறிக்கொண்டிருந்தன. மறுபடி பிடித்தார், மறுபடி நழுவியது.

தம்பி உள்ளிருந்து வந்தான். கீழ்ப்படியில் அமர்ந்து, அவர் காலை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான். ஈரத்தில் அது இறுகிப்போயிருந்தது. அவள் உள்ளே போய் விளக்கை எடுத்துவந்து அருகில் பிடித்தாள்.